எங்க கடல்மேல் பட்ட வெளிச்சம்

முப்பத்து நான்கு ஊர்களில் பேசி முடித்தபோது தில்லைநாயகியின் பையில் இருந்தவை ஆயிரத்து எழுநூறு கையெழுத்துகள். அதில் பாதி, கூட்டம் முடிந்தால் டீ கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் போட்டது.

அவள் சிதம்பரத்துக்காரி. வயது நாற்பத்தொன்று. வானியலில் முனைவர் பட்டம் வாங்கி, பத்து வருஷம் ஆராய்ச்சி செய்து, இப்போது ஊர் ஊராக மைக் பிடித்துக்கொண்டிருந்தாள். விண்ணொளி ஒன்றியம் என்ற பன்னாட்டு அமைப்பில் நம் நாடும் சேர வேண்டும் என்று மக்களிடம் ஆதரவு திரட்டுகிற வேலை. அரசாங்கம் சேர்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாவட்டந்தோறும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள், மக்கள் கேட்டால் பார்ப்போம் என்று அக்டோபர் வரை கெடு வைத்திருந்தது.

மக்கள் எங்கே கேட்டார்கள்? திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, எங்க ஊருக்கு பஸ்ஸே ரெண்டு வேளைதான் வருது. நீ வெளிச்சம் வருது வெளிச்சம் வருதுங்கற" என்றார். கூட்டம் சிரித்தது. தில்லையும் சிரித்தாள். லாட்ஜ் அறைக்கு வந்த பிறகு அழுகை வந்தது.

ஜூலை மாதம் குமரிக் கடற்கரையில் மிக்கேல்துறை என்ற மீனவர் ஊருக்குப் போனாள். மாதாகோயில் மண்டபத்தில் அறுபது பெண்கள். மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். ஆண்கள் யாரையும் காணோம், கடலுக்குப் போயிருந்தார்கள். தில்லை வழக்கமான கதையைச் சொன்னாள்.

"மலைப்பாதையில திருப்பத்துல ஒரு கண்ணாடி வச்சிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? எதிர்ல வர்ற வண்டி அதுல தெரியும். அந்த மாதிரி வானத்துல ஒரு திருப்பம் இருக்கு. ஒரு சின்னக் கருந்துளை. இங்கேருந்து போற வெளிச்சத்த அது வளைச்சுத் திருப்பி அனுப்புது. ஒன்றியத்துக்காரங்க விண்வெளியில ஆயிரம் தொலைநோக்கி மிதக்க விட்டு, திரும்பி வர்ற அந்த வெளிச்சத்தப் பிடிக்கறாங்க. அதுல தெரியறது நம்ம பூமிதான். ஆனா இன்னைக்கு இருக்கற பூமி இல்ல."

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி, பெயர் மெர்சலின் என்று கூட்டத்துக்கு முன்னால் பாதிரியார் சொல்லியிருந்தார்.

"அந்த வெளிச்சம் இங்கேருந்து கெளம்பி எத்தன நாளு ஆவுது, டீச்சரே?"

"இருபத்திரண்டு வருஷமும் ஒன்பது நாளும்."

"கரெக்டாவா?"

"கரெக்டா."

"நம்ம கடலும் தெரியுமா?"

"மேல கூரை இல்லாத எதுவும் தெரியும். ஆள் ஒரு புள்ளியாத் தெரிவாங்க. காலை வெயில்ல நிழல் நீளமா விழுமில்ல, அத வச்சு ஒரு ஆள் எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னுகூடச் சொல்லலாம்."

"பிடிக்காம விட்டா?"

"போயிடும். அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது. அதோட, ஒரு நாட்டு நிலத்தயும் கடலயும் அந்த நாடு கேட்டாத்தான் படம் எடுப்பாங்க. உறுப்பினரா இல்லாத நாட்டப் பார்க்கவே மாட்டாங்க. அது ஒன்றியத்தோட சட்டம்."

மெர்சலின் விரல்விட்டு எண்ணினாள். பக்கத்தில் இருந்தவளும் எண்ணினாள். மண்டபம் முழுக்க உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைத் தில்லை பார்த்தாள்.

"அப்ப வார டிசம்பர்ல வரப்போறது எங்க வெளிச்சம்" என்றாள் மெர்சலின்.

அப்புறம்தான் தில்லைக்கு விளங்கியது. அந்த வருஷத்துப் புயல். எச்சரிக்கை வருவதற்கு முன்பே, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போய்விட்ட வள்ளங்கள். மிக்கேல்துறையில் மட்டும் நாற்பத்தொரு பேர் திரும்பவில்லை. இருபத்தேழு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். செய்தியில் பார்த்து உச்சுக்கொட்டியதோடு சரி.

அன்றைக்கு மண்டபத்தில் கையெழுத்துப் போடாமல் ஒருத்தியும் போகவில்லை. எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்கள், மீன் செதில் ஒட்டிய விரல்.

மறுநாள் காலை தில்லை தன் குழுவின் தலைவர் கோதண்டபாணியிடம் போனில் பேசினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதைத்தாம்மா நான் ஒரு வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன்! கருந்துளை, கண்ணாடின்னு சொன்னா எவன் கேக்கறான்? காணாமப் போனவங்கள வானத்துல பார்க்கலாம்னா நாடே எழுந்து நிக்கும்."

"சார், ஒரு விஷயம். புயல் அன்னைக்கு மேலேர்ந்து பார்த்தா மேகம்தான் தெரியும். கடல் தெரியாது. வள்ளம் தெரியாது. ஒரே வெள்ளையா இருக்கும்."

கோதண்டபாணி திருப்பிக் கேட்டார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டாச் சொல்லுங்க" என்று அவர் போனை வைத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. தில்லையும் கெட்டவள் இல்லை. நாடு ஒன்றியத்தில் சேர்ந்தால் நூறு வருஷத்துக்கு ஆராய்ச்சி நடக்கும், எத்தனையோ பிள்ளைகள் படிப்பார்கள். அதற்காக ஒரு விஷயத்தை, யாரும் கேட்காத ஒரு விஷயத்தை, சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? ஆகாது என்று அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்ததே அவளை உறுத்தியது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மெர்சலினும் அவளும் கரையோரம் முழுக்கச் சுற்றினார்கள். கன்னியாகுமரியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை. மெர்சலின் பேசினால் போதும், தில்லை மைக்கைத் தொட வேண்டியதே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மெர்சலின் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வாள். கணவன் பெயர் ராயப்பன். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். பாட்டுப் பாடுவான், சுருதி சேராது. பிள்ளை இல்லை. புயலுக்குப் பிறகு இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அண்ணன்மார் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"நான் சம்மதிக்கல. செத்தாவன்னு யாரும் எனக்கு ஒரு துண்டுத் துணிகூடக் கொண்டு காட்டல, பின்ன எப்படி மக்களே?" என்றாள். 'டீச்சர்' எப்போதோ, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற 'மக்களே' ஆகியிருந்தது.

தூத்துக்குடி போகிற வழியில் ஒருநாள் தில்லை வாயெடுத்தாள். "அக்கா, அந்தப் படத்துல எல்லாமே தெரியும்னு நினைச்சுடாதீங்க…"

"தெரியறது தெரியட்டு" என்று மெர்சலின் தூக்குவாளியைத் திறந்து வாளை மீன் வறுவலை நீட்டினாள். "தின்னு. எலும்பும் தோலுமா இருக்க."

தில்லை தின்றாள். அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

நாகர்கோவிலில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "என் பள்ளிக்கூடத்துல மூணு வகுப்புக்குக் கூரை இல்ல. வானத்தப் பாக்க நாங்க எதுக்கு ஒன்றியத்துல சேரணும்? பிள்ளைகள் உக்காந்த இடத்துலேருந்தே பாக்குதுவளே!" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

மெர்சலின் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சார் சொல்லது நியாயம். கூரை வேணும். நான் அதுக்கும் கையெழுத்துப் போடுதேன். ஆனா ஒண்ணு. எங்க கடலுமேல பட்ட வெளிச்சம் அது. எங்க ஆளுவளுக்க தலைமேல பட்ட வெளிச்சம். இருபத்திரண்டு வருஷம் அலைஞ்சிட்டு வீட்டுக்கு வருது. வாசல்ல வந்து நிக்கும்போ கதவத் தெறக்க ஆளில்லன்னா, அது எங்க போவும்?"

அவ்வளவுதான் பேசினாள். யாரோ போனில் எடுத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் அது நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மலைச்சரிவில் புதைந்த ஊர்க்காரர்கள், சுரங்கத்துக்குள் மகனை விட்டவர்கள், திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர்கள் எல்லாரும் அவரவர் தேதியைக் கையில் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் குளத்தை வளைத்து வீட்டுமனை போட்ட ஒருவர், இது தனிமனித உரிமையில் தலையிடுவது என்று வழக்குப் போட்டார். ஒரு தாய் தில்லைக்குக் கடிதம் எழுதியிருந்தாள்: 'என் மகள் அன்றைக்கு யாருடன் போனாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். வேண்டாம் அம்மா. தேடுவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.' அந்தக் கடிதத்துக்குத் தில்லை பதில் எழுதவில்லை. எழுத நேரமும் இல்லை. கையெழுத்துகள் இரண்டு கோடியைத் தாண்டிவிட்டிருந்தன.

அக்டோபர் கடைசியில் நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது.

புது உறுப்பினருக்கு முதல் வருஷம் கிடைப்பது நூறு மணி நேரம். அதில் முப்பத்து மூன்று மணி நேரம் குமரிக் கடலுக்கு என்று குழு முடிவு செய்தது. எந்த முப்பத்து மூன்று என்று விண்ணப்பத்தில் நிரப்பியவள் தில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பழைய வானிலைப் பதிவுகளைப் புரட்டினாள். புயலின் நடுவில் கண் என்று ஒன்று உண்டு. அங்கே மேகம் விலகியிருக்கும். அந்தக் கண் வள்ளங்கள் இருந்த இடத்தைக் கடந்திருந்தால் ஒரு கால்மணி நேரமாவது கடல் தெரியலாம். அந்தப் பெண்களுக்கு எதையாவது காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது. புயல் அடித்த மூன்று பகலையும் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை முழுசாகக் கேட்டாள். அந்த முப்பத்து மூன்றில் ஒரு மணி நேரத்தைக்கூட வேறு எதற்கும் ஒதுக்கவில்லை.

அந்த வெளிச்சம் டிசம்பர் எட்டாம் தேதி வர வேண்டும். ஏழாம் தேதி காலை தில்லை மிக்கேல்துறைக்கு வந்து இறங்கினாள். அந்தப் பெண்கள் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

மெர்சலின் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தில்லையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவள் அப்படிச் சிரித்துத் தில்லை பார்த்ததே இல்லை.

"வா மக்களே! நேத்து வந்திருக்கப்பிடாதா? விடியக்காலம் நாங்க எல்லாரும் கரைக்குப் போனோம். அம்பது பேரு. வெளிச்சம் வார நேரம்லா. அங்கேயே நின்னு மேல மானத்தப் பாத்தோம். கேட்டா நீ சிரிப்ப, நம்ம சங்கத்து லில்லிப்பூ கையக்கூட ஆட்டினா."

தில்லைக்குப் புரியவில்லை. "நேத்தா? புயல் வெளிச்சம் நாளைக்குத்தானேக்கா வருது?"

"புயலு நாளைக்கு. வள்ளம் எறக்குனது நேத்து."

தில்லை தோள்பையை மணலில் இறக்கி வைத்தாள். பிறகு, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை அப்படியே ஒப்பித்தாள். "அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். புயல் அன்னைக்கு மேகம்தான் தெரியும். கடல் தெரியாது. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

மெர்சலின் கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? மேகம் இல்லாம ஏது புயலு? இது கடக்கரைக்காரிக்குத் தெரியாதா? நாங்க புயலப் பாக்கணும்னு எப்ப சொன்னோம்? அத ஆரு பாப்பா! அவிய முங்கிச் சாவதையா பாக்கணும்? நாங்க கேட்டது அதுக்கு முந்தி உள்ள நாளு. நல்ல வெயிலு அன்னைக்கு. அவிய எல்லாரும் சிரிச்சுப் பேசி வள்ளத்தத் தள்ளிட்டுப் போனாவள்ளா, அது."

கடலில் இருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

"அக்கா, நேத்து வந்தத நாங்க எடுக்கல" என்றாள். "நான் புயல் நாளுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். மூணு பகலும் புயலுக்குத்தான். நேத்து வந்த வெளிச்சம்…"

"போயிருச்சா?"

"போயிடுச்சு."

தில்லை அங்கேயே நின்று கோதண்டபாணிக்குப் போன் போட்டாள். வேறு எந்த நாட்டுக்காகவாவது எடுத்த படத்தின் ஓரத்திலாவது அந்த நேரம் நம் கடல் விழுந்திருக்குமா என்று கேட்டாள். அவர் விசாரித்துவிட்டு அரைமணியில் கூப்பிட்டார். நேற்றுக் காலை தொலைநோக்கிகள் எல்லாம் உலகத்தின் வேறொரு மூலையில் பனிமலை உருகுவதை எடுத்துக்கொண்டிருந்தனவாம். "நம்ம கடல் அந்தப் படத்தோட ஓரத்துலகூட இல்லம்மா" என்றார்.

மெர்சலின் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கவிழ்த்த சட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று தில்லை எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஒனக்கு எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலியா மக்களே? எந்த நாளுன்னு?"

"தோணல அக்கா."

"எங்களுக்கும் சொல்லத் தோணல. இதக்கூடவா சொல்லணும்னு இருந்துட்டோம்."

பிறகு மெர்சலின் தானாகவே சொன்னாள். "முந்துன நாளு எங்களுக்குள்ள சண்ட. சின்ன விஷயம், இப்ப நெனச்சா என்னன்னுகூட வருவதில்ல. காலைல அவரு கெளம்பும்போ நான் எழும்பல. கதவச் சாத்திட்டுப் போனாரு. நான் உள்ள தாப்பாளப் போட்டேன். மத்தவளுவ எல்லாம் கரையில நின்னாளுவ, நான் மட்டும் போவல. கொஞ்ச நேரம் கழிஞ்சு யாரோ திரும்பி வாரது போல காலடி கேட்டுது. எங்க வாசல்ல வந்து நின்னுது. கதவத் தட்டல. கூப்பிடல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருச்சு. அவருதானோ, பக்கத்து வீட்டுக்காரனோ, தெரியாது. எழும்பிப் பாத்திருக்கலாம். பாக்கல."

தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேலேருந்து பாத்தா நெழலு தெரியும்னு சொன்னியா, அன்னைக்கு மண்டபத்துல. வள்ளத்துப் பக்கத்துலேருந்து ஒரு நெழலு எங்க வாசலுக்கு வந்துதான்னு மட்டும் பாத்தாப் போதும்னு இருந்தேன்."

தில்லை அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அழுதாள். மெர்சலின் அழவில்லை. அவள் கை மட்டும் பழக்கத்தில் தில்லையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

எட்டாம் தேதி காலை கோயில் மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். கலெக்டர் வந்தார், தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். படம் வந்தது. திரை முழுக்க வெள்ளை, மெல்லச் சுழல்கிற வெள்ளை. ஒரு மணி நேரம் போனதும் தொலைக்காட்சிக்காரர்கள் வயரைச் சுருட்டத் தொடங்கினார்கள். கலெக்டர் தில்லையைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. அணைத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"கெடக்கட்டு" என்றாள் மெர்சலின்.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். லில்லிப்பூவும் இன்னும் நாலைந்து பேரும் கூடப் போனார்கள். எத்தனை மணிக்கு இறக்கிய வள்ளம், எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று தங்களுக்குள் பேசிக் கணக்கிட்டார்கள். பிறகு ஆளுக்கு ஓரிடத்தில் விரலை வைத்தார்கள். வெறும் வெள்ளைமேல், ஒருத்தி விரல் இங்கே, ஒருத்தி விரல் அங்கே. புயலின் கண் ஒருமுறை திறந்தது. அதுவும் அவர்கள் விரல் வைத்த இடங்களுக்கெல்லாம் வெகு தெற்கே, யாரும் இல்லாத கடல்மேல்.

மூன்று பகலும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், முறை வைத்துச் செபமாலை சொன்னார்கள். தில்லையும் இருந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் முன்னாலும் ஒரு தட்டு வந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் மேகம் கிழிய ஆரம்பித்தது. கிழிந்த இடத்தில் நீலம். அது பெரிதாகிப் பெரிதாகிக் கடலாக விரிந்தது. பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அங்கே வள்ளம் இல்லை, பலகை இல்லை, துடைத்துவிட்டது போன்ற கடல். திரையின் மேல் ஓரத்தில் மெல்ல மிக்கேல்துறைக் கரை வெளிப்பட்டது. கோயில் கோபுரம், தென்னைகள், மணல்.

மெர்சலின் தில்லையிடம் வந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"ரெண்டு மணி நேரம், அக்கா."

"மழை விட்டதுமே நாங்க எல்லாரும் கரைக்கு ஓடினோம் அன்னைக்கு. ராத்திரியும் பகலும் அங்கேயே கெடந்தோம். இப்ப அது தெரியுமா? நான் தெரிவேனா?"

தில்லை திரையைப் பார்த்தாள். வெயில் சாய்ந்திருந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து மணலில் ஒரு புள்ளி வந்தது, அதற்குப் பின்னால் இரண்டு, அப்புறம் பத்து. புள்ளிகளை விட நிழல்கள் நீளமாக இருந்தன. அவை நீரின் விளிம்புவரை ஓடி அங்கே நின்றன.

"தெரிவீங்க" என்றாள்.

"அப்ப நிப்பாட்டிரு மக்களே" என்றாள் மெர்சலின். "கரையில நிக்க அவளுவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

தில்லை எழுந்து போய்த் திரையை அணைத்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, மீதி இரண்டு மணி நேரமும் தங்களுக்கு வேண்டாம் என்று ஒன்றியத்துக்கு எழுதி அனுப்பினாள்.